தொண்ணூறு நாள் முன்னறிவிப்பு

மணி அடித்ததும் இருபத்தைந்து தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. பெனிட்டா மட்டும் நிமிர்ந்தபடியே நின்றாள். இந்தப் பொறியியல் கல்லூரியில் மணி என்பது வராந்தாவில் தொங்கும் ஒரு தண்டவாளத் துண்டு. அதை இரும்புக் கம்பியால் அடித்தால் சத்தம் காற்றில் வருவதற்கு முன்பே தரை வழியாக வந்து, செருப்பைத் தாண்டி, உள்ளங்காலில் ஏறிவிடும். குழந்தை மெர்லினை இங்கே தூக்கிவந்து தரையில் உட்கார வைத்தால் இந்தச் சத்தத்துக்குத் திரும்புவாளா? திரும்பினாலும் காதால் திரும்பினாளா, உட்கார்ந்த இடத்தின் அதிர்வால் திரும்பினாளா என்று யார் சொல்வது? மூன்று வாரமாக உலகத்தில் எந்தச் சத்தமும் பெனிட்டாவுக்கு வெறும் சத்தமாக இல்லை. குக்கர் விசில் வந்தால் அடுப்பைப் பார்க்காமல் குழந்தையின் முகத்தைப் பார்க்கிறாள். சமையலறையில் தட்டைக் கீழே போடுகிறாள், தவறி விழுந்த மாதிரி. போட்டுவிட்டு ஓடிவந்து எட்டிப் பார்க்கிறாள். ஒன்பது மாதக் குழந்தை முதுகைக் காட்டிக்கொண்டு தன் கால் கட்டைவிரலோடு பேசிக்கொண்டிருக்கிறது. அவ்வளவு நிம்மதியான முதுகை அவள் பார்த்ததில்லை. ஒரு முறை திரும்பியது. சிரித்தது. அன்றைக்கு முழுக்கப் பெனிட்டா அந்த ஒரு முறையை வைத்துக்கொண்டு வாழ்ந்தாள். சாயங்காலம்தான் நினைவு வந்தது, தட்டு விழுந்த நேரத்தில் ஜன்னல் வழியாக வெயில் அதில் பட்டுச் சுவரில் ஒரு வெளிச்சம் ஓடியது. அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் சிரித்திருக்கும். எதற்கு அது நினைவு வர வேண்டும்? வராமல் இருந்திருந்தால் இன்னும் இரண்டு நாள் ஓட்டியிருக்கலாம்.

பத்திலிருந்து ஒரு மணி வரைக்கும் இந்த அறையை விட்டு நகர முடியாது. தேர்வுக் கண்காணிப்பு என்பது மூன்று மணி நேரம் எதுவும் செய்யாமல் இருக்கும் வேலை. படிக்கக் கூடாது, உட்காரக் கூடாது; யோசிக்கக் கூடாது என்று மட்டும் யாரும் விதி எழுதவில்லை. கைபேசியைக் காலையிலேயே தேர்வு அலுவலகத்தில் ஒரு துணிப்பையில் போட்டு வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் டோக்கன் ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். பதினேழாம் நம்பர். திருச்சியிலிருந்து மெர்லினின் பரிசோதனை முடிவு பன்னிரண்டு மணிக்கு மேல் கணவன் ஜெரால்டின் கைபேசிக்கு வரும். அவன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டில் இருப்பான், பார்த்ததும் இவளுக்கு அனுப்புவான். அது அந்தத் துணிப்பைக்குள் யாருக்கும் தெரியாமல் ஒரு தடவை நடுங்கிவிட்டு அடங்கும். ஆனால் அதற்கு முன்பு இன்னொன்று இருக்கிறது. வருகைத்தாளுக்கு அடியில், நீல ஃபைலுக்குள், நாலாக மடித்த புதிய பணி ஆணை. ஒரு மணிக்கு விடைத்தாள்களைக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது அதையும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாக வேண்டும். தேர்வு அலுவலகத்தில் மூன்று மேஜை. முதல் மேஜையில் விடைத்தாள், இரண்டாவதில் அலுவலகக் கண்காணிப்பாளர் வையாபுரி ஆணைகளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், மூன்றாவதில்தான் கைபேசி. யார் அந்த வரிசையை யோசித்தார்களோ, நன்றாக யோசித்திருக்கிறார்கள். பிள்ளைக்குக் காது கேட்கிறதா இல்லையா என்று தெரிவதற்கு முன்னால் அவள் ஏழாம் பிரிவுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பாள்.

ஏழாம் பிரிவு அவளுக்கு மனப்பாடம். பணியிலிருந்து விலக விரும்பும் ஆசிரியர் இதுவரை ஒரு மாதம் முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும் என்றிருந்தது. இனி மூன்று மாதம், அதாவது தொண்ணூறு நாள். அந்தக் காலம் முடிந்த பிறகே பணிவிடுவிப்புச் சான்றும், சேரும்போது வாங்கி வைத்துக்கொண்ட அசல் சான்றிதழ்களும் திருப்பித் தரப்படும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டு, பி.இ., எம்.இ. எல்லாம் நாலு வருடமாக முதல்வர் அறை இரும்பு பீரோவில் தூங்குகின்றன. நகலோடு போனால் வேறெந்தக் கல்லூரியும் வாசலில்கூட நிற்க வைக்காது. ஜெரால்டு நேற்றுப் போனில் கேட்டுவிட்டு, நல்லதுதானே, மூணு மாசம்னா அவங்களும் உன்னை அனுப்பணும்னா மூணு மாசம் முன்னாடி சொல்லணும்ல, திடீர்னு வெளிய போன்னு சொல்ல முடியாதுல்ல என்றான். அவள் ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினாள். உட்பிரிவு ஆ: நிர்வாகம் விரும்பும் பட்சத்தில் ஒரு மாத ஊதியம் வழங்கி எந்த நேரத்திலும் விடுவிக்கலாம். பிறகு, சரி விடு, யாரு இப்ப வேலையை விடப் போறா என்றான். அதுதான் அவள் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. யார் விடப் போகிறார்கள்! அவன் ஒரு பேச்சுக்குச் சொன்னான், அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது, சொல்லவில்லை. சொன்னால், நீயா ஒண்ணைக் கெளப்பாத பெனி என்பான். எங்க சித்தப்பா பையன் நாலு வயசு வரைக்கும் வாயே தெறக்கல, இன்னைக்கு அவன் வாயை மூட முடியல என்பான். இதுவரை ஏழு தடவை சொல்லிவிட்டான். அந்தச் சித்தப்பா பையன் கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்துக்கொண்டு விடமாட்டான் என்பது உண்மைதான். அதனால் என்ன?

யாரும் சொல்லாததை ஜமீலாக்காதான் சொன்னாள். பெனிட்டா வேலைக்குப் போகும்போது மெர்லினைப் பார்த்துக்கொள்கிற பக்கத்துத் தெருக்காரி; இன்னும் இரண்டு குழந்தைகளும் அவள் வீட்டில் தவழ்கின்றன. அன்றைக்கு இவள் கல்லூரிப் பேருந்திலிருந்து இறங்கி, மார்பு கனத்து, துப்பட்டாவால் ஈரத்தை மறைத்துக்கொண்டு ஓடினால், ஜமீலாக்கா குழந்தையைக் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டே இருந்தாள். "நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதம்மா. மத்த ரெண்டும் பாங்குச் சத்தத்துக்கு நிமிர்ந்து பாக்குதுங்க. உம்புள்ள அது பாட்டுக்கு வெளையாடுது." இவளுக்குச் சட்டென்று கோபம் வந்தது, என் பிள்ளை கிறிஸ்தவப் பிள்ளை, பாங்குக்கு எதற்கு நிமிர வேண்டும் என்று ஒரு கேவலமான பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நல்ல வேளை, வெளியே வரவில்லை. ஜமீலாக்காவின் கண் கலங்கியிருந்ததைப் பார்த்துவிட்டாள். தாய்க்குத் தெரியாதது கூலிக்குப் பார்ப்பவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாதா? தெரியாதா உனக்கு? ஆறாவது மாதத்திலேயே தெரியும். தொட்டிலுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாது, முன்னால் வந்து நின்றால் முகம் மலரும். அதனால் முன்னால் வந்து நிற்கப் பழகிக்கொண்டாய். சரியாகச் சொன்னால் குழந்தை உன்னைப் பழக்கிவிட்டது. ஆங்கிலத்திலும் தமிழிலும் பாட்டுப் பாடித் தூங்க வைத்தாயே, எந்தப் பாட்டுக்கும் ஒரே மாதிரித்தான் தூங்கியது, உன் தொண்டை நடுங்குவதைக் கன்னத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டு. மின்னணுத் துறை ஆசிரியை வேறு. நாலு வருடமாக டெசிபல் என்றால் என்ன என்று கரும்பலகையில் வளைகோடு போட்டுக் காட்டுகிறாய். அறுபது என்பது பேச்சு, தொண்ணூறு என்பது லாரி ஹார்ன். அங்கேயும் தொண்ணூறு.

அரை மணிக்கான மணி அடித்தது. இனி யாரையும் உள்ளே விடக் கூடாது. பெனிட்டா பேனாவைத் திறந்துகொண்டு முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்தாள்: நுழைவுச்சீட்டில் முகம், எதிரில் முகம், பதிவெண், விடைத்தாளின் முதல் பக்கத்தில் கையெழுத்து. முகம், முகம், எண், கையெழுத்து. மூன்றாவது வரிசையில் ஒரு பெண், நெற்றியில் விபூதி, நகத்தைக் கடித்து ரத்தம் வரவைத்திருந்தாள். இந்தப் பிள்ளைகள் கேள்வித்தாளுக்குப் பயப்படுகிறார்கள். பயப்படுங்கள், பயப்படுங்கள், அதற்கு மூன்று மணி நேரத்தில் முடிவு உண்டு. எட்டாவது கையெழுத்தில் அவள் கை தானாகப் போடத் தொடங்கியது. கையெழுத்துப் போடுவதில் அவளுக்குப் பயிற்சி அதிகம். திண்டுக்கல் கான்வென்ட்டில் டைரி இருந்தது. தமிழில் பேசினால் சிஸ்டர் அதில் எழுதுவார், வீட்டில் கையெழுத்து வாங்கி வர வேண்டும். சிஸ்டர் ரோமனா ஒல்லியான மனுஷி, அடிக்க மாட்டார். பக்கத்தில் வந்து நின்று, யூ ஆர் எ குட் கேர்ள், ஆரன்ட் யூ என்று மெதுவாகக் கேட்பார், அவ்வளவுதான். அதற்கு 'எஸ் சிஸ்டர்' என்ற ஒரே பதில்தான் உலகத்தில் இருந்தது. அந்தப் பதில் இன்னும் அவள் முதுகெலும்பில் இருக்கிறது. பிரசவத்துக்கு ஆறு மாத விடுப்புச் சட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்தும், துறைத்தலைவர், மூணு மாசத்துல வந்துருவீங்கல்ல மேடம் என்றபோது, எஸ் சார் என்றாள். தையல் வலி தீராத வயிற்றோடு வந்து நின்று பாடம் எடுத்தாள். காட்சிக்கு எளிய பெண், சொன்ன பேச்சுக் கேட்கிற பெண், ஆங்கிலம் நன்றாகப் பேசுகிற பெண். ஆங்கிலத்தில் அவளுக்கு எல்லா வார்த்தையும் தெரியும், முடியாது என்பதைத் தவிர. வையாபுரி நேற்று எல்லோருக்கும் முன்னால் சிரித்தார்: "எல்லாரும் போட்டாச்சு, நம்ம கான்வென்ட் மேடம் மட்டும் படிச்சுப் பாத்துட்டுத்தான் போடுவாங்களாம்." எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், அதுதான் ஆத்திரமாக இருக்கிறது. தானும் சிரித்தது.

இருபத்தைந்தாவது கையெழுத்து முடிந்து ஜன்னலோரம் வந்தாள். வெளியே ஏப்ரல் வெயிலில் கல்லூரிப் பேருந்துகள் வரிசையாக மஞ்சளாகத் தகித்தன. மின்விசிறி நாலு சுற்றுக்கு ஒரு முறை டக் என்றது. டக். அதற்கு யாரும் திரும்பவில்லை, இருபத்தைந்து பேருக்கும் நல்ல காது. போன சனிக்கிழமை திருச்சியில் மருந்து கொடுத்துக் குழந்தையைத் தூங்க வைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் பசை தடவி ஒயர் ஒட்டினார்கள். சத்தம் போய்ச் சேர்ந்தால் மூளையில் ஒரு அலை எழும்ப வேண்டும். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவள் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். படிக்கத் தெரியாதவளாக இருந்திருந்தால் என்ன? அலை என்றால் என்ன என்று தெரியாத ஒரு அம்மாவாக இருந்திருந்தால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டியிருப்பாள். இவளுக்குக் கோடு தெரிந்தது. கோடு பெரிதாக எழும்பவில்லை. ஆனால் அவள் பார்த்தது வலது காதா இடது காதா, எந்த அளவில் வைத்திருந்தார்கள், எதுவும் தெரியாது, அரைகுறைப் படிப்பு மாதிரி ஆபத்தானது எதுவுமில்லை. அந்தப் பெண், பரிசோதனை செய்தவள், இருபத்தைந்து வயசு இருக்கும், கண்ணைப் பார்க்காமல் பேசினாள்: முழுசா அனலைஸ் பண்ணித்தான் சொல்வோம் மேடம். கதவு வரைக்கும் வந்த பிறகு, பொறுக்க மாட்டாமல் போல, இன்னொன்றும் சொன்னாள். ஒருவேளை குறை இருந்தால், ஒரு வயசுக்குள் கருவி வைத்துப் பயிற்சி ஆரம்பித்துவிட்டால் பேச்சு வந்துவிடும். எங்கள் நிலையத்தில் தினமும் காலையிலிருந்து மத்தியானம் வரை பயிற்சி. ஆனால் அம்மா கூடவே உட்கார வேண்டும். வேற யாரையும் அனுப்பினா சேர்த்துக்க மாட்டோம் மேடம், அம்மாவுக்குத்தான் பாடமே. அம்மாவுக்குத்தான் பாடமே. இங்கிருந்து திருச்சிக்குப் பேருந்தில் ஒன்றே முக்கால் மணி நேரம். வேலையும் அதுவும் சேர்ந்து நடக்காது. திருச்சியில் ஒரு அறை எடுத்துத் தங்க வேண்டும். மெர்லினுக்கு ஜூலை பத்தொன்பது வந்தால் ஒரு வயசு.

அதனால்தான் இந்த ஏழாம் பிரிவு இவ்வளவு உறுத்துகிறது. ஒரு மாதம் என்றால் இன்றைக்கு முடிவு வந்து, ரெண்டு நாள் அழுது, ஜெரால்டைச் சமாதானப்படுத்தி, மே முதல் தேதி எழுதிக் கொடுத்தாலும் ஜூன் தொடக்கத்தில் போய்விடலாம். மூன்று மாதம் என்றால் அதே எழுத்துக்கு ஆகஸ்ட். ஆகஸ்ட்டில் மெர்லின் ஒரு வயசைத் தாண்டியிருப்பாள். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால்? பீரோவில் இருக்கிற நாலு சான்றிதழ். பயிற்சி இரண்டு வருடம், அதற்குப் பிறகு எந்தக் கதவைத் தட்டுவது, நகலை வைத்துக்கொண்டு? ஜெரால்டின் வேலையும் கான்ட்ராக்ட், வருடா வருடம் புதுப்பிக்கிறார்கள். கையெழுத்துப் போடாவிட்டாலோ, அடுத்த பருவக் கால அட்டவணையில் பெயர் இருக்காது என்று துறைத்தலைவர் வராந்தாவில் நின்று தாழ்ந்த குரலில், அக்கறையோடு, சொல்லிவிட்டார். இப்படிச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது, பின்வரிசையில் எழுந்த ஒரு கைக்குக் கூடுதல் தாள் கொடுத்துவிட்டுத் திரும்புகையில், அவளுக்கு ஒன்று உறைத்தது. இன்னும் கையெழுத்துப் போடவில்லையே! போடாத வரைக்கும் பழைய ஆணைதானே, பழைய ஆணையில் ஒரு மாதம்தானே. இதோ ஒரு மணிக்கு அந்த இரண்டாவது மேஜையில் புதிய ஆணைக்குப் பதிலாக ராஜினாமாக் கடிதத்தை வைத்தால்? முப்பது நாள். மே இருபத்து நாலு. மெர்லினுக்கு அப்போது பத்து மாதம்தான் ஆகியிருக்கும். அவளுக்குக் கை காலெல்லாம் லேசானது. இவ்வளவு சுலபமா? வையாபுரி முகம் எப்படிப் போகும் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. முடிவு நல்லபடியாக வந்துவிட்டால் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், கெஞ்சினால் கொடுப்பார்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளைக்குக் காது கேட்டால் வேறென்ன வேண்டும், கேட்டால் போதும், ஆண்டவரே, கேட்டால் நான் வீட்டிலிருந்து மாவரைத்து விற்பேன்.

பன்னிரண்டரைக்கு வாசலில் சின்னப்பொண்ணக்கா நின்றாள், கல்லூரி அட்டெண்டர், கையில் சுற்றறிக்கை நோட்டு. "மேடம், ஒரு சைன்." இந்தக் கல்லூரியில் சுற்றறிக்கை அப்படித்தான் வரும். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது, தேர்வு நடந்துகொண்டிருக்கும்போது, கையில் சாக்பீஸ் இருக்கும்போது வரும். ஆசிரியர் பேச்சை நிறுத்தாமல் தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார். என்ன எழுதியிருக்கிறது என்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் யாராவது ஒருத்தர் சொல்வார். நின்று படித்தால் அக்கா அடுத்த அறைக்குப் போக நேரமாகும், அவள் கால் வேறு வீங்கியிருக்கும். நாலு வருடமாகப் பெனிட்டா ஒன்றைக்கூடப் படித்ததில்லை. இப்போதும் போட்டாள். போட்டு முடித்துப் பேனாவை மூடும்போது கை நின்றது. என்ன போட்டோம்? ஒரு நிமிஷங்க்கா என்று நோட்டை வாங்கினாள். விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு யார் யார் போவது என்ற பட்டியல், அவ்வளவுதான். மூச்சு வந்தது. ஆனாலும் விரல் ஒரு தாளைப் பின்னால் புரட்டியது, இன்னொன்றை, இன்னொன்றை. ஏப்ரல் இரண்டாம் தேதி. ஆங்கிலத்தில் நாலு வரி. இம்மாதம் முதல் அனைத்து ஆசிரியர்களுக்கும் முன்னறிவிப்புக் காலம் மூன்று மாதமாக மாற்றப்படுகிறது. திருத்திய ஆணையின் பிரதி பின்னர் வழங்கப்படும். படித்து, புரிந்து, சம்மதித்துக் கையெழுத்திடவும். நாற்பத்தோரு பெயர்கள். இருபத்து மூன்றாவது அவளுடையது. எதிரே அவளுடைய சுத்தமான, சாய்வான, சிஸ்டர் ரோமனா பாராட்டிய கையெழுத்து, ஓரத்தில் சாக்பீஸ் தூள் பட்ட பெருவிரல் அடையாளத்தோடு. ஏப்ரல் இரண்டு. ஜமீலாக்கா சொன்னதற்கு மறுநாள். அன்றைக்கு வகுப்பில் பலகையில் எழுதிக்கொண்டே, காலையில் அலாரத்துக்கு மெர்லின் விழிக்காமல் தூங்கியதைப் பற்றி யோசித்துக்கொண்டே, யாரோ நீட்டிய எதிலோ போட்டிருக்கிறாள். யாரோ என்ன யாரோ, இதே அக்காதான். "என்ன மேடம், ஏதும் தப்பா?" என்றாள் சின்னப்பொண்ணக்கா. ஒண்ணுமில்லக்கா என்று நோட்டைக் கொடுத்தாள்.

இரண்டு வாரமாக எடைபோட்டுக்கொண்டிருந்தாளாம். ராத்திரியெல்லாம் விழித்து, பால் கொடுத்துக்கொண்டே கைபேசி வெளிச்சத்தில் அந்த ஆணையின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்து, போடலாமா வேண்டாமா, போட்டால் இது, போடாவிட்டால் அது. அவளைத் தவிர எல்லோருக்கும் அது முடிந்த விஷயம். வையாபுரிக்குத் தெரியும், தெரிந்துதான் சிரித்திருக்கிறார். பிரதியை ஃபைலில் சேர்க்க ஒரு கையெழுத்து வேண்டும், அவ்வளவுதான், அதற்கு ஒருத்தி தூக்கத்தைத் தொலைத்துக்கொண்டு திரிகிறாள். கோபம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. வாயில் ஒரு கசப்பு, கஷாயம் குடித்த பிறகு தண்ணீர் குடித்தால் வருகிற மாதிரி, அடிநாக்கில் மட்டும். கண் இருக்கிறது, படிப்பு இருக்கிறது, ஆங்கிலம் இருக்கிறது. நாலு வரியைப் படிக்க ஒரு நிமிஷம் இல்லை. பின்னால் கூப்பிட்டால் திரும்பாதது யார், மெர்லினா? அறைக்குள் யாரோ ஒரு ஸ்கேலைக் கீழே போட்டார்கள். அவள் துள்ளித் திரும்பினாள். மாணவன் ஒருவன் மன்னிப்புக் கேட்கிற மாதிரி பார்த்தான். கேட்கிறது, எனக்கு எல்லாம் நன்றாகக் கேட்கிறது. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நாற்பது. அப்படியானால் தொண்ணூறு. இன்றைக்கு ஏப்ரல் இருபத்து நாலு. நாளையிலிருந்து எண்ணினால் ஏப்ரலில் ஆறு, மேயில் முப்பத்தொன்று, ஜூனில் முப்பது, அறுபத்தேழு, மிச்சம் இருபத்து மூன்று. ஜூலை இருபத்து மூன்று. பிறந்தநாளுக்கு நாலு நாள் கழித்து. நாலு நாள்தான். நாலு நாளில் ஒரு வார்த்தைதானே பின்தங்கும், ஒரு வார்த்தை பின்தங்கட்டும். ஆனால் அது இன்றைக்குக் கொடுத்தால். முடிவைப் பார்த்து, அழுது, ஜெரால்டு சனிக்கிழமை வந்து, அவன் வீட்டில் பேசி, இன்னொரு டாக்டரைப் பார்க்கலாம் என்று அவர்கள் சொல்லி, அதற்கு மதுரைக்குப் போய், அந்த டாக்டரும் அதையே சொல்லி. ஒரு மாதம் போய்விடும். ஒரு மாத முன்னறிவிப்பு உள்ளவள் தெரிந்துகொண்ட பிறகு முடிவெடுக்கலாம். தொண்ணூறு நாள் உள்ளவளுக்குத் தெரிந்துகொள்ள அவகாசம் கிடையாது. பயத்தை வைத்துத்தான் அவள் வேலையை விட வேண்டும். பயம் பொய்யாகப் போனாலும் வேலை போனது போனதுதான். போன மாதம் கெமிஸ்ட்ரி மேடம் ராஜினாமாவைத் திரும்ப வாங்கக் கேட்டதற்கு, கொடுத்தது கொடுத்ததுதான் என்றார்களாம். கெஞ்சினால் கொடுப்பார்கள் என்று இப்போதுதானே நினைத்தாய், சாமர்த்தியசாலி.

கதவில் ஒட்டுவதற்குக் கொடுத்த இருக்கை வரைபடத்தில் ஒரு பிரதி மிச்சம் இருந்தது. அதைத் திருப்பினாள். பின்பக்கம் வெள்ளை. மேஜைமேல் குனிந்து, ஒரு கண்ணை அறைமேல் வைத்துக்கொண்டு எழுதினாள். அனுப்புநர், பெறுநர், பொருள். கான்வென்ட்டில் லீவ் லெட்டர் எழுதச் சொல்லிக் கொடுத்த அதே வடிவம், அதே இடைவெளிகள், முகவரிக்குப் பிறகு ஒரு வரி விட்டு. என் குழந்தையின் உடல்நிலை காரணமாக என்று எழுதியதும் பேனா மறுத்தது. இந்த நிமிஷம் வரைக்கும் அது காகிதத்தில் எங்கும் இல்லை. எழுதினால் நடந்துவிடும் என்கிற மாதிரி உள்ளே ஒன்று கத்தியது. எழுதாதே, அடித்துவிடு, அம்மா நீயே எழுதாதே. அடித்துவிட்டு, சொந்தக் காரணங்களுக்காக என்று எழுதினாள். விதிப்படியான தொண்ணூறு நாள் இன்றிலிருந்து. தேதி. கையெழுத்து. போட்ட பிறகு இந்த முறை, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும், உதடு அசைய, முழுக்கப் படித்தாள்.

தேர்வு அலுவலகத்தில் கூட்டம். முதல் மேஜையில் விடைத்தாள்களை எண்ணிச் சரிபார்த்துக் கட்டினார்கள். இரண்டாவது மேஜையில் வையாபுரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் ஃபைலை மூடாம வெச்சிருக்கேன் என்றார். பெனிட்டா மடித்த ஆணையை விரித்து, அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அவர் அதை இழுத்துக்கொண்டபோது இருக்கை வரைபடத்தைத் திருப்பி அதன்மேல் வைத்தாள். அவர் படித்தார். படித்து முடிக்க நேரமானது. சிரிப்பு இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"என்ன மேடம் இது. ஜூலைன்னா செமஸ்டர் நடுவுல. அப்ப ரிலீவ் பண்ண மாட்டாங்க, நவம்பர் வரைக்கும் இழுப்பாங்க. சர்டிஃபிகேட் கைக்கு வராது."

"ஜூலை இருபத்து மூணுக்கு மேல நான் வர மாட்டேன் சார். சர்டிஃபிகேட் நவம்பர் வரைக்கும் பீரோவுலயே இருக்கட்டும்."

சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கடிதத்தைப் பெற்றுக்கொண்டேன் என்று இன்றைய தேதியோடு முத்திரை வைத்து ஒரு நகல் கொடுங்கள் என்று கேட்டாள். அவர் இழுப்பறையைத் திறந்து முத்திரையைத் தேடுகிற சாக்கில் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார். அவருக்கும் மூன்று பெண்கள் என்று யாரோ சொன்னதாக ஞாபகம். பதினேழாம் நம்பர் டோக்கன் அவள் உள்ளங்கையில் வியர்த்தது. அடுத்த மேஜையில் துணிப்பைகள் குவிந்து கிடந்தன, அதில் ஒன்று விட்டு விட்டு அதிர்ந்துகொண்டிருந்தது, யாருடையதோ.

"குழந்தைக்கு ஏதோ டெஸ்ட் எடுத்திருக்கீங்கன்னு சொன்னாங்க" என்றார் வையாபுரி, மை அட்டையைத் திறந்தபடி. "ரிசல்ட் வந்துருச்சா?"

"இன்னும் பாக்கல சார்."

"பாக்காமலேயா?" முத்திரையை ஓங்கிய கை நின்றது. "ஒரு நாள் பொறுத்துப் பாத்துட்டுக் குடுக்கலாமேம்மா."

"ஒரு நாள் பொறுத்தா தொண்ணூத்தி ஒண்ணாயிடும் சார்" என்றாள் பெனிட்டா. "வைங்க."